பிக்ஃபுட் தேடப் போகும் குடும்பத்துக்கு: கேப்பர் மலையில் நாங்கள் பழகியது

"அப்பா, அமெரிக்காவுல குடும்பத்தோட காட்டுக்குப் போய் பிக்ஃபுட் தேடுறாங்களாம். நாயையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நம்மகிட்டதான் ரெண்டு நாய் இருக்கே, நாமளும் போலாமா?"

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அன்று என் மகள் இப்படிக் கேட்டாள். பிக்ஃபுட் என்பது அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகச் சொல்லப்படும், மனிதன் போல நிமிர்ந்து நடக்கும் ராட்சதக் குரங்கு மனிதன். நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், படகு இஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். வாஷிங்டன், ஓரிகன், வடக்கு கலிபோர்னியா பக்கத்து ஊசியிலைக் காடுகளுக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு வழியில்லை. ஆனால் அவள் காட்டிய வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அங்கே போகிறவர்கள் யாரும் பிக்ஃபுட்டைப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் எழுந்து, குனிந்து, தரையைப் பார்க்கிறார்கள். தடம், முடி, சாணம், ஒடிந்த கிளை. அந்த வேலையைக் கடலூரிலும் செய்யலாமே? இங்கே நம் கண்ணில் படாமல் ராத்திரியில் நடமாடுகிற உயிர்கள் கொஞ்சமா? நரி, மரநாய், காட்டுப்பூனை, முயல் என்று எத்தனை இருக்கின்றன.

சரி, போகலாம் என்றேன். இப்போது ஒன்றரை வருஷமாகப் போகிறோம். நான், மனைவி, மகள், ஏழு வயது மகன், என் அம்மா. கூடவே மணியும் செவலையும். மணி கறுப்பு நாட்டு நாய். செவலை பொட்டை, மணியைவிட மூக்கு கூர்மை.

கிளம்பும் முன் பிள்ளைகளுக்கு பிக்ஃபுட்டின் கதையை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள். 1958இல் வடக்கு கலிபோர்னியாவில் பிளஃப் க்ரீக் என்ற இடத்தில் காட்டுச்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் ஓட்டிய ஜெர்ரி குரூ என்பவர் தன் வண்டியைச் சுற்றி மனிதக் கால் போலவே 16 அங்குல நீளத் தடங்களைக் கண்டார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து எடுத்துக்கொண்டு போனார். ஹம்போல்ட் டைம்ஸ் என்ற பத்திரிகையில் செய்தி வந்தது, 'பிக்ஃபுட்' என்ற பெயர் பரவியது. அந்தச் சாலை வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ரே வாலஸ். அவர் 2002இல் இறந்த பிறகு குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களை எடுத்துக் காட்டினார்கள், இதை வைத்துத்தான் தடம் பதித்தார் என்றார்கள். என் மகள் இதைக் கேட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்ப மரக்கால் தடத்தையும் நிஜக்கால் தடத்தையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள். அது வந்துவிட்டால் பிள்ளை தயார்.

பதில் என் தொழிலிலேயே இருந்தது. அச்சில் வார்த்த பாகங்களைப் பத்து எடுத்து வைத்தால் பத்தும் ஒன்றுபோல் இருக்கும். உயிருள்ள கால் அப்படி இருக்காது. மேடு ஏறும்போது விரல் நுனி ஆழமாகக் குத்தும், இறங்கும்போது குதிகால் சறுக்கும், கல் தட்டுப்பட்டால் விரல் விரியும். அதனால் ஒரு தடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. வரிசையாகப் பத்துத் தடமாவது பார்க்க வேண்டும்.

அடுத்து, வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை. நாங்கள் இதைச் செய்யாமல் போய், முதல் இரண்டு பயணங்களை வீணடித்தோம். ஒரு பழைய தாம்பாளத்தில் ஈர ஆற்று மணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். உங்கள் நாயின் நான்கு காலையும் ஒவ்வொன்றாக அதில் அழுத்தி, அளந்து, ஒரு அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோருடைய வெறுங்காலும் செருப்புக்காலும். இந்த அட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தோப்பில் ஒரு தடத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது நம் வீட்டுக் காலா என்பதுதான். பெரிய ஆராய்ச்சிகளிலும் இது நடந்திருக்கிறது. 2017இல் எட்டி, அதாவது இமயமலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பனிமனிதன், என்று சொல்லிப் பாதுகாத்து வைத்திருந்த எலும்பு, பல், தோல், முடி என ஒன்பது மாதிரிகளை மரபணுச் சோதனை செய்தார்கள். எட்டு கரடியுடையவை. மீதி ஒன்று நாயுடையது.

எங்கே போவது? காப்புக்காடு, சரணாலயம் எதற்குள்ளும் நாயோடு நுழையாதீர்கள். பிச்சாவரத்துக்கு நாங்கள் போவது நாய் இல்லாமல்தான், படகில். வற்றத்தில் சேறு தெரியும்போது கரையோரம் கண்ணை வைத்துக்கொண்டே போனால் நீர்நாய்த் தடத்துக்கு வாய்ப்பு உண்டு. ஐந்து விரல், இடையில் சவ்வு, பக்கத்தில் மீன் செதில் கலந்த எச்சம். நாய்களோடு போக எங்களுக்கு வாய்த்தது கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கத்து முந்திரித் தோப்புகளும், மழை அரித்த செம்மண் ஓடைகளும், கடலோரச் சவுக்குத் தோப்புகளும். எல்லாமே யாரோ ஒருவருடைய நிலம். முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் போகும் தோப்புக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது அவரே, "ராத்திரி நரி கத்துச்சு, கெழக்கு மூலைல பாருங்க" என்று போன் செய்கிறார்.

கேட்டுப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றிக்குப் பயந்து சில இடங்களில் சட்டவிரோதமாக மின்கம்பி கட்டியிருப்பார்கள். எந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வேலி தெரிந்தால் தாண்டாதீர்கள், குனிந்து நுழையாதீர்கள், நாயையும் விடாதீர்கள்.

காலம் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி பாதியிலிருந்து மாசி வரை. மழை விட்ட மூன்றாம் நாள் காலை ரொம்ப நல்லது. முதல் நாள் சேறு, எல்லாம் குழைந்து கிடக்கும். மூன்றாம் நாள் செம்மண் பிசைந்த மாவு பதத்துக்கு வந்திருக்கும், எறும்பு நடந்தாலும் தெரியும். சித்திரை, வைகாசியில் போனால் மண் பொடிந்து ஒன்றும் நிற்காது. நாய்க்கும் பாதம் சுடும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். அப்போது வெயில் சாய்வாக விழும், பள்ளத்தில் நிழல் நின்று தடம் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே தடத்தை மிதித்துக்கொண்டு போவீர்கள்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஸ்டீல் டேப், ஆறு அங்குல ஸ்கேல், நோட்டு, டார்ச், பிஓபி மாவு இரண்டு கிலோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பெயின்ட் கடையில் கேளுங்கள், ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுகிற அதே மாவுதான்), பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டு லிட்டர் பாட்டிலை வளையமாக வெட்டிய துண்டுகள், ஆளுக்கும் நாய்க்கும் தனித்தனியாகத் தண்ணீர். அம்மா புளிசாதம் கட்டிவிடுவார். எல்லோருக்கும் கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம். முந்திரிச் சருகுக்கு அடியில் கண்ணாடி விரியன் கிடந்தால் ஒரு முழத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கையில் கோல் வைத்துக்கொண்டு, சருகைத் தட்டித் தட்டி நடக்க வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கொலுசு, மோதிரம், காப்பு இருந்தால் உடனே கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் காலையோ கையையோ அசைக்கவிடாமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். தோப்பில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்பதை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நாய்கள். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் பயணத்தில் நாய்களை அவிழ்த்துவிட்டேன். மணி ஒரு கீரியைத் துரத்திக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்தான், செவலை பின்னாலேயே. அரை மணி நேரம் கத்திக் கூப்பிட்டுத்தான் பிடித்தோம். ஓடை முழுக்க அவர்கள் காலடி. ராத்திரி எது நடந்து போயிருந்தாலும் எல்லாம் அழிந்து போயிற்று. மணியின் மூக்கில் கீரி கடித்த காயம் வேறு. அது என் தவறு, அவன் தவறில்லை. துரத்துவது நாயின் குணம். ஒரு வன உயிரை நாய் விட்டுத் துரத்தினால் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகிவிடும். சட்டத்தை விடுங்கள், ராத்திரி முழுக்க இரை தேடிவிட்டு வந்து படுத்திருக்கும் ஒன்றை ஏன் ஓடவைக்க வேண்டும்? வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கமேனியா என்ற மாவட்டம் 1969இலேயே பிக்ஃபுட்டைக் கொல்வது குற்றம் என்று சட்டம் போட்டிருக்கிறது. இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு மரியாதை. நம் நரிக்கு நாம் அதைக் கொடுக்க வேண்டாமா?

இப்போதைய எங்கள் முறை இது. அம்மாவும் மகளும் முன்னால், இருபதடி இடைவெளி விட்டு நாய்கள் பின்னால். ஒவ்வொரு நாய்க்கும் மார்பைச் சுற்றிய பட்டை, அதில் பதினைந்தடிக் கயிறு, பிடித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர். பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுக்கக்கூடாது, இழுத்துத் தள்ளிவிடும். முன்னால் போகிறவர்கள் தரையைப் பார்த்து முடித்துக் கையைத் தூக்கிய பிறகுதான் நாய் வர வேண்டும். தடத்தை அளந்து, படம் எடுத்து முடிந்ததும் நாயை மோக்கவிடுங்கள். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது நாயைத்தான். செவலை பழைய தடத்தை ஒருமுறை மோந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ராத்திரித் தடமாக இருந்தால் மூக்கை எடுக்கவே மாட்டாள், வால் விறைக்கும். ஒருமுறை சவுக்குத் தோப்பில் முதுகு முடி முழுவதும் சிலிர்த்து நின்றுவிட்டாள், மணி அவள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டான். நாங்கள் ஓரடிகூட முன்னால் வைக்கவில்லை, திரும்பிவிட்டோம். நாய் பயந்தால் அன்றைய வேலை அத்தோடு சரி. நாங்கள் மாற்றாத விதி அது ஒன்றுதான்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய் நோய்களுக்கான தடுப்பூசியும் போடாத நாயைத் தோப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். நம் நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நம் நாய்க்கும் நோய் தாவும். பகலில் ஆளைக் கண்டு விலகாமல் தள்ளாடி நடக்கும் நரியைப் பார்த்தால் கிட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தடம் படிப்பது என் அம்மாவின் துறை. சிறுவயதில் ஆடு மேய்த்தவர். பிள்ளைகள் ஆயா, ஆயா என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன்.

"நாயி குடிகாரன் மாதிரி நடக்கும், நரி நூல் புடிச்ச மாதிரி நடக்கும்." வீட்டு நாய்க்கு அவசரமில்லை, அங்கே மோந்து இங்கே மோந்து வளைந்து வளைந்து போகும். நரி வீணாக ஓரடி எடுத்து வைக்காது. முன்கால் பட்ட இடத்திலேயே பின்காலை வைத்து, ஒரே கோட்டில் போகும். தடம் குறுகலாக, ஐந்து சென்டிமீட்டர் நீளத்தைச் சுற்றி இருக்கும். மண் நல்ல பதமாக இருந்தால் இன்னொன்றும் தெரியும். நரியின் முன்காலில் நடுவிரல்கள் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும், நாய்க்குத் தனித்தனியாக இருக்கும். நகக்குறியே இல்லாமல் உருண்டையாக இருந்தால் பூனை இனம். ஐந்து விரல் இருந்தால் மரநாயோ கீரியோ. நடுவில் கோடு இழுத்து இரண்டு பக்கமும் நகத்தடம் போனால் உடும்பு.

முயல் தடம்தான் பலரை ஏமாற்றும். முன்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழும், பின்கால் இரண்டும் அவற்றைத் தாண்டி முன்னால் அக்கம்பக்கமாக விழும். மண் கொஞ்சம் சரிந்துவிட்டால் நான்கும் சேர்ந்து ஒரே பெரிய கால் போலத் தெரியும்.

தடத்தின் வயதைச் சொல்ல என் மகனுக்கென்று ஒரு வழி இருக்கிறது. முந்திரி மரத்தடிப் புழுதியில் குழிநரி என்ற பூச்சி தோண்டிய சின்னப் புனல்குழிகள் இருக்கும். தடத்துக்குள்ளேயே குழி இருந்தால் அது பழசு. குழியை மிதித்து உடைத்துக்கொண்டு தடம் போயிருந்தால் புதுசு. இதைக் கண்டுபிடித்த அன்று அவனைப் பிடிக்க முடியவில்லை.

பெரிய கால் எங்களுக்கும் கிடைத்தது. தை மாதம், உப்பனாற்றங்கரைச் சேற்றில். மகள்தான் முதலில் பார்த்தாள். மனிதக் கால் வடிவம், ஐந்து விரல், டேப்பை வைத்தால் பதினாலரை அங்குலம். வரிசையாகப் பதினோரு தடம் தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைக்க ஒன்றுமில்லை. பதினொன்றையும் அளந்தோம். பதினாலரை, பதிமூன்று, பதினைந்து, பன்னிரண்டே கால். சேறு இளகிய இடத்தில் நீளம், கெட்டியான இடத்தில் குட்டை. கடைசியாகக் கரை மேட்டில், கெட்டி மண்ணில் ஒன்பது அங்குலம்.

நண்டு பிடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்தார். "அது என் காலு கண்ணு. சேத்துல கால எடுக்கறப்ப குதிகாலு இழுத்துக்கிட்டு வரும், அதான் நீட்டா இருக்கு" என்று சொல்லி, பக்கத்திலேயே இரண்டடி நடந்து காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடத்தின் ஓரம் சரிந்து, தண்ணீர் ஊறி, இன்னும் அகலமானது. மகள் அதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினாள். பனியிலும் இப்படித்தான், வெயில் பட்டால் ஓரம் உருகித் தடம் பெரிதாகும். 1951இல் எரிக் ஷிப்டன் இமயமலையில் மென்லுங் பனியாற்றில் எடுத்த எட்டித் தடத்தின் படம் உலகமெல்லாம் சுற்றியது. அது இன்றும் பேசப்படுவதற்கு ஒரு காரணம், பக்கத்தில் பனிக்கோடரியை வைத்துப் படம் பிடித்ததுதான். அளவு தெரிகிறதல்லவா? நீங்களும் ஸ்கேல் வைக்காமல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போனைச் சாய்க்காமல் தடத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். தடத்துக்கு ஒரு படம், வரிசைக்கு ஒரு படம், சுற்றியுள்ள இடத்துக்கு ஒரு படம்.

நல்ல தடம் கிடைத்தால் வார்த்து எடுங்கள். தடத்துக்குள் விழுந்த சருகை ஊதக்கூடாது, விரல் நுனியால் மெல்ல எடுக்க வேண்டும். மண்ணுக்குள் பதிந்துவிட்ட சருகை விட்டுவிடுங்கள். பாட்டில் வளையத்தைத் தடத்தைச் சுற்றி மண்ணில் அழுத்துங்கள். கிண்ணத்தில் முதலில் தண்ணீர், அதில் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவு, இட்லி மாவு பதம். கடல் தண்ணீரையோ உப்பனாற்றுத் தண்ணீரையோ எடுக்காதீர்கள், உப்பு பட்டால் கலக்கி முடிப்பதற்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். கையால் கலக்கக்கூடாது, இறுகும்போது சூடு ஏறும், பிள்ளைகள் கை வெந்துவிடும். கரைத்ததைத் தடத்தின் மேல் நேராகக் கொட்டாமல், வளையத்தின் ஓரத்தில் ஊற்றி, அதுவாக ஓடி உள்ளே இறங்க விடுங்கள். ஒரு விரல் கனம் வேண்டும். இறுகும் நேரத்தில் முதுகில் ஒரு குச்சியால் தேதி, இடம், எண் மூன்றையும் கீறிவிடுங்கள்.

பிறகு தொடக்கூடாது. முக்கால் மணி நேரம், ஈர மண்ணில் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குத்தான் புளிசாதம். அவசரப்பட்டு எடுத்த எங்கள் முதல் அச்சு இரண்டாக உடைந்தது. எடுக்கும்போது சுற்றி மண்ணைத் தோண்டி, மண்ணோடு சேர்த்துத் தூக்கிப் பழைய துணியில் சுற்றுங்கள். அன்றைக்கே கழுவாதீர்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காய்ந்த பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித் தட்டி மண்ணை எடுத்தால் விரல் இடுக்குக்கோடுகூட வந்திருக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது பதினாலு அச்சு இருக்கிறது. நண்டுக்கார அக்காவின் காலும் அதில் ஒன்று, அவரிடம் கேட்டுத்தான் எடுத்தோம்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம். பார்த்தது, அளந்தது, நினைத்தது. மூன்றையும் கலந்து எழுதவே கூடாது. 'நரி போனது' என்று எழுதாதே, 'ஐந்து சென்டிமீட்டர், நான்கு விரல், நகம் உண்டு, ஒரே கோடு' என்று எழுது, நரி என்பதை மூன்றாவது கட்டத்தில் போடு என்று மகளிடம் சொன்னேன். இப்போது அவள் என்னைத் திருத்துகிறாள். மூன்றாவது கட்டத்தில் 'தெரியவில்லை' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. அந்த ஏழையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எடுத்துப் படிக்கிறோம்.

நரியைக் கண்ணால் பார்த்தது இரண்டே முறை. குரல் கேட்டதுதான் அதிகம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்து முந்திரியும் சவுக்கும் வேரோடு சாய்ந்த பிறகு, ரொம்ப நாள் நரிச் சத்தமே கேட்கவில்லை என்று அந்தத் தோப்புக்காரர் சொல்வார். மரம் வளர்ந்தது, இப்போது திரும்பக் கேட்கிறது. நரிக்கொம்பு, நரிப்பல் என்று யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. அந்தத் தாயத்துக்காக ஒரு நரி செத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் யாரும் உட்காரக் கூடாது, முதலில் நாய்கள். வாசலிலேயே நிறுத்தி, காதுக்குள், கழுத்துப் பட்டைக்குக் கீழ், விரலிடுக்கு, வாலடி என்று வரிசையாகத் தடவி உண்ணி பாருங்கள். இருந்தால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பாதத்தில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொரு மெத்தையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். செவலை இதற்குக் காலைக் கொடுப்பாள், மணிக்கு ஒரு கருவாட்டுத் துண்டு காட்ட வேண்டும். பிள்ளைகளையும் அதேபோல் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில் பாருங்கள். ஷூவைக் கவிழ்த்துத் தட்டி வெயிலில் வையுங்கள். பிஓபி கலக்கிய கிண்ணத்தைச் சாக்கடையில் கழுவாதீர்கள், அடைத்துக்கொள்ளும். காயவிட்டு உதறினால் போதும்.